ப்ரியம்வதா சாகத் தயாரான வாரம்

கலிஃபோர்னியாவின் லிவர்மோர் ஊரில் தேசிய ஆய்வுக்கூடம் ஒன்று இருக்கிறது. அதற்குள் அணுகுண்டு ஆராய்ச்சி நடக்கிறது என்பது ஊரறிந்த சங்கதி. அதன் வேலிக்குக் கொஞ்ச தூரம் தள்ளிக் குடியிருந்த ப்ரியம்வதாவுக்கு அதற்காக ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. அவளுடைய பயங்கள் இன்னும் பெரியவை. பிரதான சாலையில் எதிரே வரும் கார்களுக்குக் குறுக்கே காரை இடது பக்கம் திருப்புவது, கெமிஸ்ட்ரி லேபில் ஜோடி சேர ஆள் கிடைக்காமல் நிற்பது, நல்ல காலேஜ் கிடைக்காமல் அப்பாவின் சிநேகிதர்கள் வாயிலிருந்து “ஓ… அப்படியா” என்ற ஓசையைக் கேட்பது. பதினாறு வயதுக்குள் பயம் என்னும் துறையில் இவ்வளவு ஆழம் கண்டவர்கள் அந்த வட்டாரத்தில் வேறு யாரும் இல்லை.

2005 மார்ச்சில், காலேஜில் சேர எழுதும் எஸ்.ஏ.டி. தேர்வில் புதிதாகக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தார்கள். பே ஏரியாத் தமிழ்க் குடும்பங்கள் இதைப் போர் அறிவிப்பாகவே எடுத்துக்கொண்டன. அப்பா அனந்தராமன் சான்டா கிளாராவில் சிப் டிசைன் செய்பவர். ஆபீஸ் போகும் வழியில் சுனோல் மேட்டு நெரிசலில் தினமும் ஊர்ந்து போகும் காரில் கடினச் சொற்கள் சி.டி.யைப் போட்டுக் கேட்டுக் கேட்டு, மகளுக்கு வர வேண்டிய சொற்களையெல்லாம் தாமே கற்றுத் தேர்ந்து, ஆபீஸ் மீட்டிங்கில் பிரயோகித்து மேனேஜரைக் கலங்கடித்துக்கொண்டிருந்தார். மகளோ சாப்பிடுவதையும் தூங்குவதையும் ஏறக்குறைய விட்டுவிட்டாள். உடற்பயிற்சி வகுப்பில் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டாள். தேர்வு சனிக்கிழமை, அதற்கு முந்தைய திங்களன்று அம்மா காமாக்ஷி அவளை டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொண்டு, ரிப்போர்ட் வந்ததும் கூப்பிடுவதாகச் சொன்னார்.

இத்தனை பயத்துக்கும் ப்ரியம்வதாவிடம் ஒரே ஒரு மருந்து இருந்தது. பெயர் சிவராமகிருஷ்ணன். அம்மாவின் தம்பி. நங்கநல்லூரில் கல்யாணம் ஆகாமல், ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டு, மூன்று அரியர்களோடு டிகிரியைப் பாதியில் விட்டவர் என்ற புகழோடு வாழ்ந்துவந்தார். ‘சிவா மாதிரி ஆயிடாதே’ என்பது அந்தக் குடும்பத்தின் கல்விக் கொள்கை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமை மாலையும், அதாவது அவருடைய சனிக்கிழமை காலை, மாமா போன் செய்வார். எதிர்வீட்டு நாயைப் பற்றியும் தன் ஸ்கூட்டர் பண்ணும் அட்டூழியங்களைப் பற்றியும் பேசுவார். போன வெள்ளியும் பேசினார்.

“மாமா, ஐ ஆம் ஸோ ஸ்கேர்ட்.”

“எதுக்குடி? மார்க் வரலேன்னா என்ன ஆயிடுவே?”

“ஐ டோன்ட் நோ.”

“நான் சொல்றேன். என்னை மாதிரி ஆயிடுவே. நான் நன்னாத்தானே இருக்கேன்? மத்தியானம் தூங்கறேன். உங்க அப்பா தூங்கறாரா கேளு.”

அவள் சிரித்தாள். அன்று இரவு தூங்கவும் தூங்கினாள். அடுத்த வெள்ளியும் தேர்வுக்கு முன்னால் கூப்பிடுவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தால், அம்மா தலைக்குக் குளித்து ஈரம் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தாள். சாயங்கால வேளையில். கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

“அம்மா, ஆர் யூ ஓகே?”

“ஷாம்பூ கண்ணுல போயிடுத்துடி. நீ மாடிக்குப் போய்ப் படி.”

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். இருட்டுவதற்கு முன்னால் வீட்டு வாசலைப் பார்த்தறியாத அப்பா. எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போனார். அவரும் ஈரத் தலையோடு வெளியே வந்தார். அந்தத் தலையில் பெரும்பகுதி காலி மனை. அங்கே ஷாம்பூவுக்கு வேலையில்லை.

“இன்னிக்கு ட்ராஃபிக்கே இல்லம்மா” என்றார், யாரும் கேட்காத கேள்விக்கு. பிறகு மகள் தலையில் கை வைத்து, “சனிக்கிழமையை நெனச்சு டென்ஷன் ஆகாதே கண்ணா. ஸ்கோர் எல்லாம் மேட்டரே இல்லை” என்றார்.

நிலநடுக்கம் வந்தால் மேஜைக்கு அடியில் போக வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அப்பா இப்படிப் பேசினால் எதற்கு அடியில் போவது என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

விளக்கேற்றும் நேரம் வந்தது. “எனக்குக் கை சுளுக்கிண்டுடுத்து, நீ ஏத்து” என்று சொல்லிவிட்டு அம்மா சமையலறை ஓரத்திலேயே நின்றாள். சுவாமி அலமாரிப் பக்கம் வரவே இல்லை. கை சுளுக்காத ப்ரியம்வதாவுக்கு விளக்கு பற்ற மூன்று தீக்குச்சி ஆயிற்று.

மறுநாள் அடுத்த தெரு பர்வதம் ஆன்ட்டி சாம்பாரும் ரசமும் டப்பாக்களில் எடுத்துக்கொண்டு வந்தாள். வந்தால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பேசும் பழக்கமுள்ள அம்மாள், அன்று ப்ரியம்வதாவின் கன்னத்தைத் தடவி, “நன்னா சாப்பிடு கொழந்தே” என்று சொல்லிப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாடிப்படியில் நின்ற ப்ரியம்வதாவுக்குக் கீழே நடந்த மீதிப் பேச்சும் கேட்டது.

“இவளுக்குத் தெரியுமோ?”

“உஷ்! சனிக்கிழமை வரைக்கும் தெரியவே கூடாது மாமி.”

இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? திங்கட்கிழமை ரத்தம் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை வீடே குளித்துவிட்டு அழுகிறது. ப்ரியம்வதா கம்ப்யூட்டரைத் திறந்து தலைசுற்றல், பசியின்மை, களைப்பு என்று தட்டினாள். இணையம் எப்போதும்போல அன்போடு ஒத்துழைத்தது. மூன்றாவது பக்கத்தில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் உறுதியாகிவிட்டது.

நெஞ்சு தடதடத்தது. விரல் நுனிகள் மரத்துப்போயின. மூச்சு தொண்டை வரை வந்து, உள்ளே போக மாட்டேன் என்று திரும்பிப்போனது. இதெல்லாம் அந்த மூன்றாவது பக்கத்தில் இல்லாத அறிகுறிகள் என்பதால், இன்னொரு வியாதியும் சேர்ந்துகொண்டதாக முடிவுகட்டினாள்.

சாவுக்கான ஏற்பாடுகளில் இறங்கினாள். தன் ஐபாடை, கெமிஸ்ட்ரி லேபில் அவளை ஒரு நாளும் ஜோடியாகச் சேர்த்துக்கொள்ளாத பெண்ணுக்கே கொடுப்பது என்று தீர்மானித்தாள். பெருந்தன்மையால் அல்ல. அந்தப் பெண் ஆயுள் முழுக்கக் குற்ற உணர்ச்சியில் வாட வேண்டும் என்பதற்காக.

வியாழக்கிழமை பள்ளி கவுன்சிலர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அறைக்குள் அழைத்தார். என்ன பயம் என்று கேட்டார். “எஸ்.ஏ.டி.” என்றாள்; எல்லோரும் ஒப்புக்கொள்கிற பயம் அது ஒன்றுதான். அவர் சிரித்த முகம் வரைந்த ரப்பர் பந்து ஒன்றைக் கொடுத்து, பயம் வரும்போதெல்லாம் அமுக்கச் சொன்னார். மத்தியானத்துக்குள் பந்து வெடித்து ஜீன்ஸ் முழுக்க உள்ளிருந்த மாவு கொட்டியது.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது கராஜ் கதவு பாதி தூக்கியிருந்தது. குனிந்து பார்த்தாள். உள்ளே காரில் அம்மா உட்கார்ந்திருந்தாள். இன்ஜின் ஓடவில்லை. ஸ்டியரிங்கை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை அதன் மேல் முட்டி, உடம்பு குலுங்கக் குலுங்க அழுதுகொண்டிருந்தாள். ஜன்னல் கண்ணாடிகள் ஏற்றியிருந்ததால் சத்தம் வெளியே வரவில்லை.

அதுவரை ப்ரியம்வதா தன் சாவுக்குத்தான் பயந்திருந்தாள். இப்போது அதைவிடப் பெரிய பயம் ஒன்று முதுகுத்தண்டில் ஏறியது. நான் போய்விட்டால் இந்த அம்மா என்ன ஆவாள்? முன்வாசல் வழியாகப் போய், ஒன்றும் பார்க்காதவள்போலப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். அம்மா உள்ளே வந்து, “தோசை வேணுமா கண்ணா?” என்று சிரித்தாள். மகளும் சிரித்தாள். அந்த வீட்டில் அன்று சிரிப்புக்குக் குறைவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மாமாவிடம் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். குடும்பத்தில் அலறாமல் கேட்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். ‘சாகப்போறியா? சரி, சாப்டாச்சா?’ என்று கேட்டாலும் கேட்பார். ஹாலில் போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மாமாவின் வேளை வந்தது. போன் அடிக்கவில்லை. வேளை தாண்டியது. அம்மா சமையலறையிலிருந்து போனைப் பார்த்தாள். மகள் திரும்பியதும் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

மாமாவுக்கும் தெரிந்துபோய்விட்டது. மாமாவாலேயே பேச முடியவில்லை.

அதோடு அவள் தைரியம் தீர்ந்தது. எழுந்து சாப்பாட்டு மேஜைக்குப் போனாள். அனந்தராமன் மறுநாள் தேர்வுக்குப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக வீட்டில் ஆங்கிலத்தில் மட்டுமே பதில் சொல்லிவந்த பெண்ணின் வாயிலிருந்து தமிழ் வந்தது.

“அம்மா, நான் எப்போ சாகப்போறேன்?”

பென்சில் முனை உடைந்தது.

“என்னடி உளர்றே!”

“எனக்குத் தெரியும். பிளட் ரிப்போர்ட். பர்வதம் ஆன்ட்டிக்குத் தெரியும், மாமாவுக்குத் தெரியும், எனக்கு மட்டும் சொல்ல மாட்டேங்கறேள். நீ கராஜ்ல அழுததைப் பார்த்தேன். எவ்ளோ நாள்மா இருக்கு எனக்கு?”

காமாக்ஷி சிரித்தாள். சிரிப்பு பாதியில் திசை மாறி வேறொன்றாகி, அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அனந்தராமன்தான் பேசினார்.

“ரிப்போர்ட் மத்தியானமே வந்தாச்சு கண்ணா. உனக்கு ஒண்ணும் இல்ல. ரத்தத்துல அயர்ன் கம்மி. மாத்திரை, கீரை, அவ்ளோதான்.” நிறுத்தினார். சி.டி.யில் கற்ற அத்தனை சொற்களில் ஒன்றும் உதவிக்கு வரவில்லை. “சிவா மாமா போயிட்டார்மா. செவ்வாக்கிழமை. தூக்கத்துலயே, ஹார்ட்.”

ப்ரியம்வதாவுக்கு முதலில் வந்தது சந்தோஷம். நான் சாகவில்லை, நான் சாகவில்லை என்று உடம்பு முழுக்கக் கூத்தாடியது. அப்புறம்தான் இரண்டாவது சேதி உள்ளே போய்ச் சேர்ந்தது. மாமா செத்த செய்தியைக் கேட்டுச் சந்தோஷப்பட்டவள் உலகத்திலேயே தான் ஒருத்திதான் என்று பட்டது. இதுவரை பட்ட பயம் எதிலும் இப்படி ஒரு வகை இருந்ததில்லை.

“ஏன் சொல்லல?”

“பரீட்சை இருக்கேடி” என்றாள் அம்மா தரையிலிருந்தே. “காதுல விழுந்தாத்தான் தீட்டு. உன் காதுல விழலேன்னா உனக்கு இல்ல. நீ விளக்கேத்தலாம், நாளைக்குக் காலம்பற சிவா-விஷ்ணு கோவில்ல உன் பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு பரீட்சைக்கு அனுப்பலாம்னு… எனக்கு மூணு நாள் தீட்டு முடிஞ்சுடுத்து. நான் ஊருக்குக்கூடப் போகல. போனாலும் அவன் மூஞ்சியைப் பார்க்க முடியாது, நீயும் இங்க தனியா…”

ஆக, ஒரு வீட்டில் ஒருத்தி தன் தம்பிக்காக வாய்விட்டு அழாமல் இருந்தாள், மகள் பயப்படக் கூடாது என்று. மகள் சாவுக்குப் பயப்படுவதைக் காட்டாமல் இருந்தாள், அம்மா அழக் கூடாது என்று. இவ்வளவு கச்சிதமாக வேலை செய்த திட்டம் அனந்தராமனின் ஆபீசில்கூட ஒன்று கிடையாது.

“நான் கேட்டு சிரிச்சேன்மா. உள்ளுக்குள்ள. நான் சாகலேன்னு.”

காமாக்ஷி மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். “சிரிச்சா என்ன? அவன் கேட்டிருந்தா அவனும் சிரிச்சிருப்பான். ‘அக்கா, உன் பொண்ணு எனக்கு மேல லூசு’ம்பான்.” பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “போ. இப்போ காதுல விழுந்துடுத்து. தலைக்குக் குளிச்சுட்டு வா” என்றாள்.

ப்ரியம்வதா ஷவருக்கு அடியில் நின்றாள். சத்தம் போட்டு அழுதாள். தண்ணீர் சத்தத்துக்கு மேலும் அது கீழே கேட்டது. யாரும் வந்து கதவைத் தட்டவில்லை. கீழே அம்மாவும் இந்த முறை கராஜுக்குப் போகாமல் ஹாலிலேயே அழுதாள்.

ஈரத் தலையோடு இறங்கி வந்து, போனுக்குப் பக்கத்தில் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். போன் அடிக்காது என்பது இப்போது இருவருக்கும் தெரியும். இருந்தாலும் உட்கார்ந்திருந்தார்கள். நெஞ்சு இன்னும் தடதடத்துக்கொண்டுதான் இருந்தது.

“நாளைக்கு எழுத வேண்டாம்” என்றார் அனந்தராமன். “மே மாசம் எழுதிக்கலாம்.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, ஸ்கோர் மேட்டரே இல்லைன்னு சொன்னேளே. அது நெஜமா?”

அவர் மனைவியைப் பார்த்தார். போனைப் பார்த்தார். கையிலிருந்த முனை உடைந்த பென்சிலைப் பார்த்தார். அந்த வாரம் முழுக்கப் பொய் சொல்லிச் சொல்லி அவருக்கும் அலுத்துப்போயிருந்தது.

“கொஞ்சம் மேட்டர்தாம்மா” என்றார்.

செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு முதல் முறையாக ப்ரியம்வதாவுக்கு மூச்சு முழுசாக உள்ளே போனது.