கிணற்றுமேட்டுப் பரங்கிக்கொடி

மூடித்தட்டின் மேல் மதினி ஊற்றிவைக்கும் தண்ணீர் கொதித்துக் குமிழியிடும். சட்டிக்குள் பரங்கிப் பிஞ்சு தன் சாற்றிலேயே வெந்துகொண்டிருக்கும். இன்றைக்கு நான் குக்கரில் விசில் எண்ணிச் சமைக்கிறேன். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. ஆனாலும் பரங்கிப் பிஞ்சு ஆக்கும்போது மட்டும் ஒரு சொட்டு ஊற்ற மனம் வருவதில்லை. என் மருமகள் சிரிப்பாள். சிரிக்கட்டும்.

மதினி எங்கள் அண்ணன் மனைவி. நெய்க்காரப்பட்டிப் பக்கத்துப் பச்சை வயல்களைப் பார்த்து வளர்ந்தவரை அய்யலூர்ப் பக்கம் எங்கள் காய்ந்த காட்டுக்குக் கட்டிக்கொண்டு வந்தோம். ஐம்பதுகளின் கடைசி, எனக்குத் தாவணி போட்ட புதுசு. அந்தக் கோடையில் கிணறு அடியோடு வற்றிவிட்டது. ஆழப்படுத்த ஒரு மேஸ்திரியும் அவர் ஆட்களும் வந்து பாறையோடு மல்லுக்கட்டினார்கள். சித்திரை பிறப்பதற்குள் தண்ணீர் வராவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, பேகம்பூரில் தோல் பதனிடும் ஷாப் வேலைக்குப் போய்விடுவதாக அண்ணன் சொல்லிவிட்டார். மதினி மறுத்துப் பேசவில்லை. "அதுவரைக்கும் வெட்டட்டுமுங்க" என்று மட்டும் சொன்னார்.

கிணறு வெட்டுகிறவர்களுக்கு மத்தியானச் சோறு எங்கள் வீட்டில்தான். கம்பஞ்சோறு இருந்தது, தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு ஒன்றும் இல்லை. கிணற்றின் மேல்கரையில் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் கை கழுவிய தண்ணீரையும் ஊற்றி மதினி வளர்த்த பரங்கிக்கொடி ஒன்றுதான் பச்சையாக இருந்தது. நகம் பட்டாலே இறங்குகிற பிஞ்சாகப் பார்த்துப் பறித்துத் தோலோடு நறுக்குவார். சின்ன வெங்காயமும் காய்ந்த மிளகாயும் வதங்கியதும் காயைக் கொட்டி உப்பைத் தூவி மூடுவார். வேகவைத்த தட்டைப்பயறு கடைசியில். "தண்ணி ஊத்தாம எந்த ஊருலடி காய் வேகும்?" என்று என் அம்மா முதல் நாள் முகவாயில் கை வைத்தார். வெந்தது. ஒருநாள் மதினிக்குக் காய்ச்சல் என்று அம்மா அடுப்படிக்குப் போய், மனசு கேட்காமல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிவிட்டார். காய் கூழாகிப் போனது. மேஸ்திரி ஒரு வாய் வைத்துவிட்டு, "இன்னைக்கு வேற கை போலருக்கு" என்றார்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஆட்டுக்கறி போடுகிறேன் என்று மேஸ்திரியைத் தன் கிணற்று வேலைக்கு இழுத்துப் பார்த்தார். "இந்த வெயிலுக்குக் கறி வவுத்தைக் கெடுக்கும்யா. நமக்கு இந்தக் காயிதான் குளுச்சி" என்று மேஸ்திரி அசையவில்லை. அவரைப் பிடித்துவைத்திருந்தது அந்தச் சட்டிதான் என்று எனக்கு இன்றும் நிச்சயம்.

பங்குனி முடியப்போகிற நேரம். ஒரு காலையில் மேஸ்திரி மதினியைத் தேடி அடுப்படி வாசலுக்கே வந்தார். "தாயி, ஊத்து மேல்கரைப் பக்கந்தான் இருக்கும்னு தோணுது. வெடி வச்சா அந்தக் கரையே சரியும். கொடி போயிரும். தண்ணியும் வராமப் போச்சுன்னா நாளைக்கு வெஞ்சனத்துக்கு என்ன செய்வீக?"

அண்ணனும் அங்கேதான் இருந்தார். "போதும், விட்டுருங்க" என்று சொல்ல வாயெடுத்தார். மதினி அதற்குள் அரிவாளை எடுத்துவிட்டார்.

"தண்ணி வந்தா வேற கொடி போட்டுக்கலாமுங்க. வராட்டி இதை வச்சு என்ன பண்றதுங்க?"

விறுவிறுவென்று நடந்து போய் அடியிலேயே ஒரே வெட்டு. என் பக்கம் திரும்பி, "அம்மிணி, கூடையைக் கொண்டா" என்றார். காய், விரல்மொத்தப் பிஞ்சு, பூ, இளங்கொழுந்து எல்லாவற்றையும் ஆய்ந்து கூடையில் போட்டோம். அன்று சட்டி நிறைந்து வழிந்தது.

அடுப்பில் காய் வேகும்போது வெடிச் சத்தம் கேட்டது. தட்டின் மேலிருந்த தண்ணீர் தளும்பிச் சிந்தியது. அம்மாவும் நானும் கிணற்றுக்கு ஓடப் பார்த்தோம், மதினி அசையவில்லை. "சோறு ஆறட்டும். வருவாங்க" என்றார்.

வெகுநேரம் கழித்து மேஸ்திரி வந்தார். அடுப்படி வாசலில் நின்றார். கெண்டைக்கால் வரைக்கும் ஈரச்சேறு. மதினி அந்தக் கால்களையே பார்த்தார். பிறகு இலைகளை எடுத்துப் போட்டார்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். அண்ணன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் காய் கேட்டார். மதினி சட்டியைச் சாய்த்துக் காட்டினார்.

"தீந்துபோச்சுங்க. இனி விதை போட்டாத்தானுங்க."

"எந்தப் பக்கம் போடலாம்?" என்று அண்ணன் கேட்டார்.

மதினி அப்போதுதான் அழுதார்.