மேட்டு லயத்தில் தொங்கிய விரிப்பு

மூடுபனி கலையும்போது துணி காயும் கொடியைத் தேடிப் பார்ப்பது என் பழக்கம். வெள்ளையாக ஏதாவது தொங்கினால்தான் தேத்தண்ணீர் தொண்டையில் இறங்கும். வீட்டில் கேலி செய்வார்கள், செய்யட்டும். இந்தப் பழக்கத்தை எனக்குத் தந்துவிட்டுப் போனவர் எங்கள் தோட்டத்து உபதேசியார்.

மலைநாட்டில் பூண்டுலோயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் வேதக்காரக் குடும்பங்கள் சொற்பம். பாதிரியார் டவுனிலிருந்து மாதம் ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் தகரக் கூரை போட்ட சின்னச் சர்ச்சில் பாட்டும் ஜெபமும் நடத்தியவர் உபதேசியார். ஆள் ஒல்லி, குரல் மட்டும் பெரியது. நானோ பிள்ளைக் காம்பராவில் ஆயா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளைகள் என் பொறுப்பு. பாடுபட்டுத் தூங்கவைத்த குழந்தைகளை அவர் ஒரே பாட்டில் எழுப்பிவிடுவார். அதில் அவர்மேல் எனக்குக் கடுப்புதான்.

எங்களுக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று சட்டம் வந்து சில வருஷங்கள் கழித்து, மேட்டு லயத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், பெரியம்மை கண்டது. தோட்டத்துத் துரையின் உத்தரவுப்படி பாதையை மறித்து மூங்கில் கட்டினார்கள். ஆட்கள் அரிசியை மூங்கிலடியில் வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். உள்ளே என் தங்கச்சி நிறைமாதமாக இருந்தாள். அவள் புருஷனும் மற்றவர்களும் படுத்துவிட்டதால், மலை ஊற்றுப் பீலியில் தண்ணீர் பிடித்துக் குடம் குடமாகச் சுமந்தவளும் அவள்தான். நான் போனால் காம்பராப் பிள்ளைகளுக்கு நோயைக் கொண்டுவந்துவிடுவேன் என்று டாக்டரையா தடுத்துவிட்டார். தூரத்தில் நின்று அவள் சுமந்த குடங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

உபதேசியார் தான் போவதாகச் சொன்னார். அவர் கையில் அம்மை குத்தியது சரியாகப் பிடிக்கவில்லை, போனால் திரும்புவது நிச்சயமில்லை என்று டாக்டரையா எச்சரித்தார். ஆத்தா இறங்கியிருக்கும் வீட்டுக்குள் வேதக்காரர் போவதா என்று அம்மனைக் கும்பிடும் எங்கள் ஆட்கள் முணுமுணுத்தார்கள்.

"ஆத்தாவ நீங்க கும்பிடுங்க. தண்ணி தூக்குறத மட்டும் எங்கிட்ட விடுங்க," என்றார்.

சர்ச் மேசையின் வெள்ளை விரிப்பையும் மடித்து எடுத்துக்கொண்டார். உள்ளே எல்லாரும் உயிரோடு இருந்தால் காலையில் அது கொடியில் தொங்கும், காம்பரா வாசலிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று என்னிடம் சொல்லிவிட்டு மூங்கிலைத் தாண்டினார்.

தினமும் தொங்கியது. ஒருநாள் பனி கலைந்தபோது கொடி வெறுமையாக இருந்தது. பிள்ளைகளைத் துணைக்காரியிடம் விட்டுவிட்டு ஓடினேன். டாக்டரையா சொன்னதெல்லாம் மறந்துபோய் மூங்கிலில் காலை வைத்துவிட்டேன். அப்போது லயத்து வாசலில் அவர் வந்து நின்றார். கையில் அந்த விரிப்பு, சுருட்டினபடி.

"அங்கேயே நில்லுங்க ஆயா. பொம்பளப் புள்ள. தாயும் சொகமா இருக்காங்க. சுத்தமா வேற துணி இல்ல, அதான் இத எடுத்துட்டேன்."

சுருட்டலுக்குள்ளிருந்து அழுகை கேட்டது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். அழுது, சிரித்து, கடைசியில் அவரைத் திட்டினேன்: வேட்டியையாவது தொங்கவிட்டிருக்கக் கூடாதா? தன் வேட்டியைக் குனிந்து பார்த்தார். அதை வெள்ளை என்று சொல்ல அவருக்கே மனம் வரவில்லை.

மூங்கிலை அவிழ்த்த நாளில் அவரும் நடந்து வந்தார். இளைத்திருந்தார், ஆனால் ஒரு கொப்புளம்கூட இல்லை. தங்கச்சி புருஷன் முகம் நிறையத் தழும்போடு பிழைத்துக்கொண்டான். பயமாக இல்லையா என்று உபதேசியாரிடம் கேட்டேன்.

"பயந்தேன் ஆயா. பயம் போவணும்னு ஜெபம் பண்ணேன், போவல. சரி, அதையும் கூட்டிக்கிட்டே தண்ணி தூக்குவோம்னு எறங்கிட்டேன்."

அந்த லயத்துத் துணிகளோடு விரிப்பையும் எரித்தார்கள். அடுத்த ஆராதனைக்கு வந்த பாதிரியார், மேசை ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டாராம். ஒரு பிள்ளைக்குக் குளிராக இருந்தது என்றாராம் இவர்.

அவர் கண்மூடி வெகுகாலம் ஆகிறது. அந்தப் பிள்ளை பேரன் பேத்தி கண்டுவிட்டாள். நான் இருப்பதும் அவள் வீட்டில்தான். வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். சனிக்கிழமை விடிந்ததும் சர்ச் விரிப்பை வாங்கிவந்து துவைப்பாள். அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவளும் விட்டதில்லை.

இன்று சனிக்கிழமை. பனி கலையும்வரை ஜன்னலில் நின்றேன். விரிப்பு தொங்கியது. தேத்தண்ணீர் குடிக்கப் போனேன்.