பொதுமக்களும் கேள்வி கேட்கலாம்

மரக்காணம் உப்பளங்களில் வேலை செய்யும் பெண்கள் ஏன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றார்கள் என்பதுதான் என் பிஎச்.டி. ஆய்வு. ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வரப்பு வரப்பாக அலைந்தேன். முழுப்பரீட்சை நெருங்கும் சமயத்தில்தான் உப்பு வாரும் வேலையும் சூடுபிடிக்கும். வீட்டுக்கு இன்னும் ஒரு ஆள் வேண்டியிருக்கும். அந்த ஆள் எப்போதும் பெண்பிள்ளையாகவே இருந்தது எப்படி என்று எனக்கு எரிச்சலாக வரும். ஊரிலிருந்த அக்காக்கள் எல்லாம் வாய் ஓயாமல் சொன்னார்கள். சொல்லாத ஒரே ஆள் என் அம்மா.

அவளும் ஏழாவதோடு நின்று உப்பு வாரப் போனவள்தான். ரெக்கார்டரைக் கண்டாலே, "அடுப்புல கொழம்பு கொதிக்குதுடி" என்று எழுந்துவிடுவாள். அடுப்பே பற்றவைத்திருக்க மாட்டாள். ஊரையெல்லாம் பேசவைத்தவளுக்குப் பெற்றவளைப் பேசவைக்கத் துப்பில்லை என்று எனக்குள் ஓர் ஆற்றாமை. அவள் பேச்சு இல்லாமலே ஆய்வேட்டை முடித்துக் கொடுத்தேன்.

கடைசியில் வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாள் வந்தது. அது எங்கள் பல்கலைக்கழகத்தில் ஊரறிய நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். கேட்கலாம் என்பதெல்லாம் பேச்சுக்குத்தான். முதல் நாளே நண்பர்களுக்கு ஆளுக்கொரு கேள்வியைப் பங்குவைத்துவிட்டுப் பதிலை நாம் மனப்பாடம் செய்துகொள்வோம். நானும் அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தேன். அம்மாவிடம் மட்டும், "நீ வாய் தொறக்காம உக்காந்திரு, அது போதும்" என்று கண்டிஷனாகச் சொல்லியிருந்தேன்.

கல்யாணங்களுக்குக் கட்டும் பச்சைப் புடவையில் வந்திருந்தாள். வாசலில் கொடுத்த சமோசாப் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

நண்பர்கள் கேட்டார்கள். நான் யோசிப்பதுபோல் பாவனை காட்டிவிட்டுப் பதில் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர், "வேற யாராவது கேக்கறீங்களா?" என்றார். அம்மா எழுந்து நின்றாள். என் கைடு என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன்.

"சார், நின்னுட்ட பொண்ணுங்களப் பத்தி இவ்ளோ நேரம் சொல்லிச்சே எம்பொண்ணு. அவங்க இப்ப படிக்கணும்னா படிக்கலாங்களா?"

தேர்வாளர் என் பக்கம் கையைக் காட்டினார். "கேள்வி உங்களுக்குத்தாம்மா. நீங்க சொல்லுங்க."

"படிக்கலாங்க," என்றேன் மைக்கில். "தனித்தேர்வரா எட்டாவது எழுதலாம். அப்புறம் பத்தாவது."

"வயசானவங்க?"

"எத்தனை வயசானாலும் எழுதலாம்."

இப்போது அவள் தேர்வாளரை விட்டுவிட்டு என்னையே பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

"கணக்கு சுத்தமா வராதுன்னா? யார்னா சொல்லித் தருவாங்களா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஏன் நின்றாய் என்று கேட்டால் கொதிக்காத குழம்பைப் பார்க்க ஓடியவள், மறுபடி படிக்கலாமா என்று கேட்க இத்தனை பேர் முன்னால் எழுந்து நிற்கிறாள். இந்தக் கேள்விக்கு நான் பதில் எதுவும் மனப்பாடம் செய்திருக்கவில்லை.

"நான் சொல்லித் தர்றேம்மா," என்றேன். மைக் அதை ஹால் முழுக்கச் சொன்னது.

அம்மா தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகுதான் சமோசாப் பொட்டலத்தைப் பிரித்தாள்.