டிங்கோவின் வாய் நாற்றம்

இது நடந்தது. ரெனே கோல்ஸ்டாட் இதை என்னிடம் சொன்னபோது நான் அவளுடைய நாற்காலியில் வாயைத் திறந்தபடி மல்லாந்து கிடந்தேன். குறுக்கே ஒரு கேள்வி கேட்க வழியில்லை. முழுசாகக் கேட்டேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. அருவருப்பும் வராது. பத்தொன்பது வருஷமாக ஊரார் பல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்கிற பெண். கையுறையைக் கழற்றிப் போட்ட அடுத்த நிமிஷமே முட்டை சாண்ட்விச் தின்பாள். அப்படிப்பட்டவள் இப்போது பிஸ்கட் டின்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரின் மலைச்சரிவுத் தெருவில் டாக்டர் சோர்வாரியின் குழந்தைகள் பல் கிளினிக் இருக்கிறது. ரெனேவுக்கு அப்போது வேலை அங்கேதான். வருகிற பிள்ளைகளில் பாதி வாசலிலேயே அழ ஆரம்பித்துவிடும். போன ஜனவரியில் ஒருவன் டாக்டரின் கட்டைவிரலைக் கடித்தே விட்டான். "காத்துக்கிட்டு உட்கார்ற இடத்துல அதுங்க சிரிக்கிற மாதிரி ஏதாவது வைக்கணும் ரெனே" என்றார் டாக்டர், விரலில் கட்டோடு. ரெனேவுக்கு உடனே தம்பி கோர்டியின் ஞாபகம் வந்தது. கோர்டி சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். மிச்ச நேரமெல்லாம் பழைய பொம்மைகளைப் பிரித்து ரோபோ செய்து கொண்டிருப்பான்.

ரெனே கேட்டதும் பழைய சாமான் கடையிலிருந்து இரண்டு பெட்டி நிறைய உடைந்த பொம்மைகள் வாங்கி வந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவனுடைய கார் கொட்டகையில் அக்காளும் தம்பியும் உட்கார்ந்து அவற்றைப் பிரித்தார்கள். கழுவுகிற வேலை ரெனேவுக்கு. ரிமோட் காரின் அச்சில் யாருடையவோ நீளமுடி சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. பாட்டரி வைக்கும் இடங்களில் பச்சையாகக் கசிந்து உறைந்த கசடு. பேசும் கரடி ஒன்றுக்கு எந்தப் பிள்ளையோ பால் புகட்டியிருந்தது. வயிற்றைக் கிழித்ததும் உள்ளே பஞ்சு தயிர்க்கட்டி மாதிரி திரண்டு, கறுத்துக் கிடந்தது. ரெனே மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இதுக்கே மூஞ்சியச் சுளிக்கிற? நீ ஊரான் வாயில கை விடறவ!" என்று சிரித்தான் கோர்டி.

"வாயில உயிர் இருக்குடா. இது செத்து நாறுது."

விளையாட்டு அடுப்பு ஒன்று உடம்பானது. ஒரு கை கிரேன் பொம்மையுடையது, இன்னொன்று பாப்பா பொம்மையுடையது. டைனோசரிடமிருந்து மஞ்சள் கண்கள் இரண்டு. தலைக்கு ஒரு நீலநிற பிஸ்கட் டின். டிங்கோ என்று பெயரும் வைத்தார்கள். அடுத்த ஞாயிறு ரெனேவுக்குக் காய்ச்சல். கோர்டி தனியாகவே பூட்டி முடித்து, திங்கள் விடியலில் லாரி எடுக்கப் போகிற வழியில் கிளினிக்கில் இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

காலை 8.05-க்கு ரெனே அதைப் பார்த்தாள். யாராவது கிட்டே வந்தால் அதன் கண்ணில் விளக்கு எரிந்தது. கை ஆடியது. பிள்ளைகள் சிரித்தன. நல்ல வேலைதான்.

ஆனால் அந்த வாய்...

டின்னின் கீழ்ப்பாதியில் இளஞ்சிவப்பு ரப்பரில் உதடு. உள்ளே ஈறு. ஈறு முழுக்கப் பொடிப்பொடியாகப் பல். எந்தப் பொம்மையிலிருந்து இதைப் பிடுங்கினான்? அவள் கழுவிய சாமான்களில் இப்படி ஒன்றைப் பார்த்ததாக ஞாபகமில்லை.

"அழகா இருக்கு இல்ல?" என்றாள் ரிசப்ஷனில் இருக்கும் காலீன். "அந்த வாய் மட்டும் என்னவோ... இப்பதான் சாப்பிட்டு முடிச்ச மாதிரி."

"ஏய், சும்மா இரு."

செவ்வாய், மாலை 4.25. காலீன் மூக்கை உறிஞ்சினாள். "ரெனே, தொட்டியில மீனு செத்துப்போச்சா?"

மீன்கள் நீந்திக்கொண்டுதான் இருந்தன. குப்பைக்கூடையிலும் ஒன்றுமில்லை. ரெனே குனிந்து டிங்கோவின் முகத்தருகே போனாள். சட்டென்று நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரியாத நாற்றமா? எழுந்ததும் பல் தேய்க்காத வாய். அதற்கும் பின்னால், ஆழத்தில், அழுகுகிற பல். தொழிலில் தினமும் முகர்வதுதான். ஆனால் அதெல்லாம் மனிதர்களிடமிருந்து வந்தது.

'கரடிப் பால் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள்.

புதன் காலை அந்தப் பற்களில் மஞ்சளாக ஒரு படலம். துணியால் துடைத்தாள். துணியை எடுத்தபோது கொழகொழவென்று ஒரு நூல் கூடவே நீண்டு வந்தது. எச்சில். சுரண்டும் கொக்கியை எடுத்து வந்து சுரண்டினாள். இரண்டு பல்லுக்கு நடுவே மென்று கூழான ஆப்பிள் தோல் ஒன்று.

"பிள்ளைங்க திணிச்சிருக்கும்" என்றாள் காலீன்.

"மென்னுட்டுத்தான் திணிப்பாங்களா?"

ரெனே தம்பிக்குச் செய்தி அனுப்பினாள்: "அந்த வாயை எங்கேர்ந்துடா எடுத்தே? கழுவவே இல்லையா?" வாரம் முழுக்கப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோர்டி லாரியை விட்டு இறங்கவேயில்லை. பதில் வரவில்லை.

வியாழன், மதியம் 3.38. மய்யா என்ற ஐந்து வயதுப் பெண் டிங்கோவின் முன்னால் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் விரல் அந்த வாய்க்குள் இருந்தது.

"கைய எடு கண்ணு."

"அது சப்புது" என்றது குழந்தை.

ரெனே விரலைப் பிடித்து இழுத்தாள். நுனி வெளுத்துச் சுருங்கி, ரொம்ப நேரம் தண்ணீரில் ஊறியது போல இருந்தது. எச்சில் சொட்டியது. குழந்தையின் கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். திரும்பி வந்து டிங்கோவின் முதுகைத் திறந்து நான்கு பாட்டரிகளையும் உருவினாள். காலீனின் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினாள். டிங்கோவை மூலையில் தள்ளி, முகம் சுவரைப் பார்க்கும்படி திருப்பி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை புயல். ஏரியிலிருந்து அடித்த காற்றில் எதிர்வீடு தெரியவில்லை. மதியத்துக்கு மேல் வரவேண்டியவர்கள் யாரும் வரவில்லை. டாக்டர் இரண்டு மணிக்கே கிளம்பினார். 3.50-க்குக் காலீன் போனாள். கருவிகளைக் கொதிக்க வைக்கிற இயந்திரம் முடியட்டும் என்று ரெனே மட்டும் இருந்தாள்.

4.12.

க்ளக்.

இயந்திரமில்லை. முன்னறையிலிருந்து.

க்ளக்... க்ளக்... பல்லோடு பல் மோதுகிற சத்தம்.

ரெனே எட்டிப் பார்த்தாள். டிங்கோ அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தது. கண்கள் எரியவில்லை. கை ஆடவில்லை. வாய் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

டிராயரைத் திறந்தாள். பாட்டரி நான்கும் அங்கேயேதான் இருந்தன.

ஓடியிருக்கலாம். கதவு ஆறடி தூரத்தில் இருந்தது. ஏன் ஓடவில்லை என்று அவளுக்கே இன்றுவரை தெரியாது. "கை பழகிப்போச்சு, அவ்வளவுதான்" என்றாள் என்னிடம். கையுறை மாட்டினாள். முகமூடி கட்டினாள். சின்னக் கண்ணாடியையும் கொக்கியையும் எடுத்துக்கொண்டு அதன் முன்னால் மண்டியிட்டாள்.

வாய் திறந்தது.

அகலமாக... 'ஆ' சொல்லச் சொன்னால் பிள்ளைகள் திறக்குமே, அப்படி.

கண்ணாடியை உள்ளே விட்டாள்.

கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

ரெனே மூச்சைப் பிடித்துக்கொண்டாள். துடைத்தாள். மறுபடி படர்ந்தது. சூடாக. மறுபடி துடைத்தாள். கீழ் வரிசை, இடதுபக்கக் கடைவாய்ப் பல். அதன் அடியில் ஈறு பட்டாணி அளவுக்கு வீங்கியிருந்தது. நடுவில் மஞ்சள் முனை.

கொக்கி பட்டதும் உடைந்தது.

சீழ். அவள் மணிக்கட்டு வரை வழிந்தது. அந்த நாற்றம் முகமூடியைத் தாண்டி நாக்கில் ருசியாகப் பட்டது என்றாள்.

பல் ஆடியது. துணியால் பிடித்தாள். திருகினாள்.

வந்துவிட்டது.

அவள் கைமேல் நீளமாக ஒரு மூச்சு...

வாய் மெல்ல மூடிக்கொண்டது.

ரெனே குப்பைக்கூடைக்குள் வாந்தி எடுத்தாள். காலையில் தின்றது, மதியம் தின்றது, எல்லாம். அப்போது சட்டைப் பையில் போன் சிணுங்கியது. மணி 4.31. கோர்டி.

"எந்த வாய்?"

அவ்வளவுதான் எழுதியிருந்தான்.

பல்லை ஓர் உறையில் போட்டாள். பெயர் எழுதுகிற இடத்தைக் காலியாக விட்டாள். டாக்டர் மேஜையில் வைத்துவிட்டுக் கோட்டின் பொத்தானைக்கூடப் போடாமல் வெளியே ஓடினாள்.

திங்கள் காலை 7 மணிக்குக் கோர்டி வந்தான். நேரே டிங்கோவின் முன்னால் போய் நின்றான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது நான் வச்சதில்ல."

"விளையாடாதடா."

போனை நீட்டினான். பூட்டி முடித்த அந்த ஞாயிறு மாலை 5.31-க்குக் கொட்டகையில் எடுத்த படம். செய்து முடித்த டிங்கோ. மஞ்சள் கண் இரண்டு. அதற்குக் கீழே வெறும் நீலத் தகரம்.

கோர்டி பின்பக்கமாக டின்னின் மூடியைத் திறந்து உள்ளே விளக்கடித்தான். ஈறு இருக்க வேண்டிய இடத்தில் தகரம் வழுவழுவென்று இருந்தது. ஓட்டை இல்லை. ஆணி இல்லை. வெளியே சுற்றி வந்து பார்த்தால் உதடு.

"பிரிச்சுப் பாக்கலாமா?" என்றான்.

"வேண்டாம். தூக்கிட்டுப் போயிடு."

தார்ப்பாயில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். ஊருக்கு வெளியே குப்பை மேட்டில் பெரிய பள்ளத்தில் தள்ளி, அவன் கண்முன்னாலேயே அங்கே வேலை செய்கிறவர்கள் அதன்மேல் மண் கொட்டி மூடினார்களாம். 9.10-க்குப் போன் செய்து சொன்னான். அதற்கப்புறம் அவன் ரோபோ செய்யவில்லை.

ரெனே போனை வைத்தாள். அப்போதுதான் டாக்டர் சோர்வாரி உறையோடு வந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

"பேர் எழுத மறந்துட்டியே. வெள்ளிக்கிழமை நான் போனப்புறம் தானா விழுந்ததா? சுத்தமா வந்திருக்கு. ஒன்பது, பத்து வயசுப் பிள்ளையோட பால் பல்."

ரெனேவின் கண் டிங்கோ நின்ற காலி மூலைக்குப் போனது.

டாக்டர் பல்லை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். "வேரைப் பாரு, பாதி கரைஞ்சிருக்கு. அடியில பெரிய பல்லு முட்டிக்கிட்டு மேல வருது. மே மாசத்துக்குள்ள வெளிய வந்துடும். அந்தப் பிள்ளைய மறுபடி எப்ப வரச் சொல்லியிருக்க?"