ஜாதகம் சொன்ன எழுபத்தொன்று

அப்பா தன் எழுபதாவது வயதில் மொன்ட்ரியாலை ஒட்டிய ரொக்ஸ்பரோவில் இருந்த என் வீட்டுக்கு வந்தார், சாவதற்காக. மிகைப்படுத்தவில்லை. அவர் ஜாதகத்தில் ஆயுள் எழுபத்தொன்று என்று கணித்திருந்தார்கள். அதை நம்பி மனுஷர் கும்பகோணத்து வீட்டை விற்றார், என் தங்கை கல்யாணத்தை முடித்தார், மிச்சத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஒரே ஒரு பெட்டியோடு மொன்ட்ரியாலுக்கு விமானம் ஏறினார். கொள்ளி போட வேண்டிய மூத்த பிள்ளை இங்கே இருக்கிறேனே.

"ஒரு வருஷம்தானே அண்ணா" என்று மெட்ராஸிலிருந்து தம்பி எழுதினான். என் மனைவியும் அதையேதான் சொன்னாள். அவருக்குச் சமைத்துப்போட ஆள் வேண்டும் என்று லேப் வேலையை விட்டாள். குழந்தைகள் இருவரும் ஒரே அறைக்கு மாறினார்கள்.

எழுபத்தொன்று வந்தது, போனது. எழுபத்திரண்டும் போனது. நான் டாக்டர். ரத்த அழுத்த மாத்திரையைத் தினமும் என் கையால் கொடுத்தேன். "கட்டம் சரியாத்தாண்டா இருக்கு. நீதான் கெடுத்துட்டே" என்று அப்பா சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை.

வீட்டில் யாரும் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. தட்டு மட்டும் கொஞ்சம் சத்தமாக வைக்கப்படும். "விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சும்மாவா சொன்னாங்க" என்று அப்பா ரசத்தைப் பார்த்து முணுமுணுப்பார். நான் செவிடன் மாதிரி எழுந்துபோவேன். அவரை அழைத்துக்கொள்ளச் சொல்லித் தம்பிக்கு எழுதினேன். "நல்லாத்தானே இருக்கார், அங்கேயே இருக்கட்டும்" என்று பதில் வந்தது. பாவி. பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. தம்பி மேல் மட்டும்தான் கோபம் என்று சொன்னால் அது பொய்.

எழுபத்தைந்து முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ரத்த அழுத்தம் பார்க்கக் கையை நீட்டியவர் கேட்டார்: "பிள்ளையா சொல்லாதே, டாக்டரா சொல்லு. இன்னும் எத்தனை வருஷம்?"

பார்த்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. நோயாளிகளுக்கு நல்ல சேதி சொல்லிப் பழகிய வாய். "இன்னும் பத்து வருஷம் தாராளமா இருப்பீங்கப்பா" என்றேன்.

அம்மா செத்தபோதுகூட அழாத மனிதர் அழுதார்.

"எங்கேடா இருப்பேன்?"

இங்கேதான் அப்பா என்று சொல்ல ஒரு நொடி போதும். அடுக்களையில் மனைவி குழாயை நிறுத்திவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தாள். நான் அவர் கையிலிருந்து ரத்த அழுத்தப் பட்டையைக் கழற்றி, மடித்து, அதன் பெட்டிக்குள் வைத்தேன்.