கழற்ற முடியாத பல்

படூரில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழேயே ஒரு பல் கிளினிக் வந்திருக்கிறது. போன மாதம் தட்டையைக் கடித்ததில் என் முன்பல் ஒன்று விழுந்துவிட, மகள் அங்கே கூட்டிப் போனாள். பேத்தி வயசு டாக்டரம்மா விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு, "பிரிட்ஜ் போட்டுடலாம் ஆன்ட்டி, பத்து வயசு கொறஞ்சுடும்" என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அந்த அறையில் கிராம்புத் தைல வாசனை. அது மூக்கில் ஏறியதும் செங்கல்பட்டு ஞாபகம் வந்துவிட்டது, கூடவே பழைய வயிற்றெரிச்சலும்.

எழுபதுகளில் என் வீட்டுக்காரர், செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மகாபலிபுரம் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். டிரைவர் திடீரென்று பிரேக் போட்டதில் கம்பியில் மோதி, கல்யாணத்துக்கு முன்பே ஒரு முன்பல்லைப் பறிகொடுத்தவர். வெட்கத்தில் பஸ்ஸில் வாயைத் திறந்து சிரிக்கவே மாட்டார். உம்மணாமூஞ்சி கண்டக்டர் என்றுதான் பெயர். வீட்டுக்கு வந்தால் மட்டும் ஓட்டை தெரியச் சிரிப்பார். என் பெயர் 'ஸ'வில் தொடங்கும். அவர் கூப்பிட்டால் அந்த ஓட்டை வழியாகப் பெயரோடு சின்னதாக ஒரு விசிலும் வரும். அதைக் கேட்கத்தான் சாயங்காலம் முழுக்கக் காத்திருப்பேன். அந்தச் சிரிப்பும் விசிலும் எனக்கு மட்டுமே எழுதி வைத்த சொத்து. நகைநட்டு இல்லாதவளுக்கு அதில் எவ்வளவு கர்வம் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

அப்புறம் யாரோ சொல்லி, மெட்ராஸுக்குப் போய் பிரிட்ஜ் கட்டிக்கொண்டு வந்தார். பக்கத்தில் இருந்த இரண்டு நல்ல பற்களையும் ராவி, இல்லாத பல்லை நடுவில் நிறுத்தி, எல்லாவற்றையும் ஒன்றாக ஒட்டி அனுப்பியிருந்தார்கள். வாயெல்லாம் கிராம்பு மணம். எனக்குத் தெரிந்த பொய்ப்பல் என் மாமனாரின் பல் செட்டுதான். படுக்கும்போது அதைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிடுவார். இவருடையதும் அப்படித்தான், படுக்கப் போகும்போது பழைய சிரிப்பு திரும்பக் கிடைத்துவிடும் என்று நம்பி, தலைமாட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். மனுஷன் எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார்.

"அது பல்லு போட வெச்சதுங்க" என்றேன்.

"இது கழட்டறது இல்லமே. ஒட்டிட்டாங்க. சுடுகாடு வரிக்கும் கூட வரும்."

பிறகு என் பெயரைச் சொன்னார். ரேடியோவில் செய்தி வாசிப்பவர் மாதிரி அவ்வளவு சுத்தமாக வந்தது.

கண்டக்டர் சிரிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தெருவே வந்து என்னிடம் சொல்லிற்று. பொறுக்கவில்லை. ஒரு நாள் சொல்லாமல் அதே பஸ்ஸில் ஏறி, முந்தானையைப் போர்த்திக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பக்கத்தில், மீனை விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பும் ஒரு அம்மா.

"நம்ம கண்டக்டரு சிரிச்சா இன்னா ஷோக்கா கீது பாத்தியா? இந்த வண்டிக்குன்னே நாங்க நின்னுகினு இருப்போம்" என்றாள் என்னிடமே.

முன் சீட்டில் குடையோடு இருந்த ஒரு டீச்சர் சில்லறையை நீட்டி என்னவோ சொல்ல, அவர் புதுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டீச்சர் பாவம், அவளுக்கு என்ன தெரியும்? இருந்தாலும் அவள் குடை தொலைந்து போகட்டும் என்று மனசாரச் சபித்தேன்.

என்னிடம் வந்தார். அடையாளம் தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல், "எங்கம்மா போணும்?" என்று அதே சிரிப்பைக் கொடுத்தார். எனக்கென்று துளிகூட அதிகமில்லை. டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டேன்.

சாயங்காலம் வந்ததும், "இன்னாமே, மூஞ்சத் தூக்கி வெச்சிகினு கீற?" என்றார்.

"முன்னெல்லாம் எனக்கு மட்டும் சிரிச்சீங்க."

அவர் சிரிக்கவில்லை. "இத்தினி வருஷம் வாய மூடிகினே வண்டில நின்னேன். அது இன்னா கஷ்டம்னு உனுக்குத் தெரியாதுமே."

நியாயம்தான். நியாயம் புரிந்ததும் பொறாமை குறைந்ததா என்று கேட்டால், இல்லை.

அந்த பஸ் இப்போது இல்லை. கூடைக்காரம்மா எங்கே போனாளோ. அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சொன்னபடியே அந்தப் பல் அவரோடு சுடுகாடு வரை போயிற்று. பெண்களை அங்கே விடமாட்டார்கள். நான் தெருமுனையோடு நின்றுவிட்டேன். அந்தப் பல்லின் மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான்.

கிளினிக்கிலிருந்து வந்த அன்று, மகள் வெளியே போனதும் கண்ணாடி முன்னால் நின்று என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். ஓட்டை வழியாக அந்த விசில் வந்தது. என் பெயரை அப்படிச் சொல்ல இனி வேறு யாரும் இல்லை. பிரிட்ஜ் வேண்டாம் என்று டாக்டரம்மாவுக்குச் சொல்லியனுப்பிவிட்டேன்.