பஞ்சு ஐயரின் பூபாரம்

காலையில் கக்கூஸ் வரிசையில் தமக்கு முன்னால் எத்தனை தலை என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் பஞ்சு ஐயர் தண்ணீர் டப்பாவைக் கீழே வைப்பார். எண்ணி முடித்ததும் ஒரு பெருமூச்சு விடுவார். "பாத்தேளா? நாளுக்கு நாள் கூடிண்டே போறது. ஜனங்கள் பெத்துண்டே இருக்கா. பூமி பெத்துக்கறதோ?" என்று பின்னால் நிற்கும் என்னைப் பார்த்துக் கேட்பார். முன்னால் நிற்கும் கூட்டத்தில் பாதிப்பேர் அவருடைய சொந்தப் புதல்வர்கள். நான் அதைச் சொல்லிக் காட்டுவதில்லை. எனக்கும் வரிசையில் அவசரம் உண்டு.

பாலக்காட்டிலிருந்து பம்பாய் மாதுங்காவுக்கு வந்து சேர்ந்தவர். ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில், மனிதர்கள் எந்த வயதில் சாவார்கள் என்று கணக்குப் போடும் பிரிவில் குமாஸ்தா. அதனால் ஜனத்தொகை விஷயத்தில் தம்மை மிஞ்ச ஆள் இல்லை என்பது அவருடைய முடிவு. "சொன்ன வயசிலே ஒருத்தனாவது சாகறானோ? அதான் கஷ்டம்" என்று மனசு நொந்து சொல்வார். ரேஷன் அரிசியில் புழு நெளிந்தால், கடைக்காரனை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். எங்கேயோ யாரோ பிள்ளை பெற்றுக்கொண்டதன் பலன் அது.

சாயங்காலம் கிங்ஸ் சர்க்கிள் புல்வெளியில் பெஞ்சுக்கு நடுவில் உட்காருவார். ஒரு பக்கம் குடை, மறு பக்கம் பை. உலகத்தில் இடம் போதாது என்பதை மூன்று பேருக்கான இடத்தில் அமர்ந்து விளக்குவார். எதிர்க்கட்சி, பக்கத்து வீட்டுத் திருவேங்கடம். ரயில்வேயில் கூட்ஸ் குமாஸ்தாவாக இருப்பவர், எப்போதும் நின்றுகொண்டே வாதாடுவார்.

"பூமிக்கு என்னங்காணும் குறைச்சல்? செம்பூர்ப் பக்கம் போய்ப் பாரும். கண்ணுக்கெட்டின மட்டும் காலி ஜகா! பங்கு போட்டுக்கத் தெரியலே நமக்கு."

"பங்கு போட்டுப் போட்டு, கடைசியிலே ஒரு ஆளுக்கு ஒரு சாண் ஆக்கும் கிடைக்கும். நின்னுண்டே தூங்குவேளோ? இனிமே ஒரு வீட்டிலே ஒரு தலை கூடப்படாது. அவ்வளவுதான், கதம்!"

"கதம்" என்று ஹிந்தியில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் அன்றைய வாதத்தில் அவர் ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம்.

இவ்வளவு கண்டிப்பான மனிதருக்கு ஆறு குழந்தைகள். இருப்பதோ ஒரு கூடம், ஒரு சமையலறை. எங்கள் கட்டடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இரவில் ஆண்கள் வெளியே காலரியில், எல்லா வீட்டு வாசலுக்கும் பொதுவான நடையில், பாயை விரித்துக்கொள்வார்கள். பெண்களும் குழந்தைகளும் கூடத்தில். வீட்டில் புதிதாகக் கல்யாணமானவர்கள் யாரோ அவர்களுக்குச் சமையலறை. பஞ்சு ஐயரும் அபயாம்பாளும் புதுத் தம்பதியாகச் சமையலறைக்குள் போனார்கள். ஆறு பிரசவம் ஆகியும் ஐயர் அந்த இடத்தைக் காலி செய்யவில்லை.

போன தை மாதம் அவருடைய தம்பி கிட்டுவுக்குக் கல்யாணம் நடந்தது. ஒத்தப்பாலத்துப் பெண், ராஜலக்ஷ்மி. வந்த நாளிலிருந்து அவள் கூடத்தில் ஐயரின் பெண்களுக்கு நடுவில் படுத்தாள், கிட்டு காலரியில் படுத்தான். இருவரும் தனியாகப் பேச வாய்த்த இடம் மாடிப்படிதான். அங்கேயும் ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் வழி விட்டுக்கொண்டே பேச வேண்டும். காய்கறிப் பையோடு நான் ஏறிப் போகும்போது அந்தப் பெண் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்வாள். எனக்கு மனசு சங்கடப்படும்.

கிட்டு வேறு ஜாகை தேடாத தெருவில்லை. போன இடமெல்லாம் பகடி என்று ஆயிரக்கணக்கில் முன்பணம் கேட்டார்கள். விஷயம் எப்படியோ ஒத்தப்பாலத்துக்கு எட்டிவிட்டது. புதன்கிழமை தாம் பம்பாய் வருவதாகவும், நல்ல ஜாகை அமைகிற வரையில் பெண் தம்மோடு இருக்கட்டும் என்றும் அவள் அப்பா சொல்லியனுப்பிவிட்டார். இந்த ஊரில் ஜாகை அமைவது எப்போது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். போனால் போனதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, காப்பி வேளையில், கிட்டு வாயைத் திறந்தான். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். எல்லாம் கேட்டது.

"அண்ணா, ராத்திரி மட்டும் சமையலுள்ளை விட்டுக் கொடுத்தா..."

"சமையலுள்ளிலே சின்னஞ்சிறுசுகள் படுத்துண்டா ஆசாரம் என்ன ஆறது?" என்றார் ஐயர், அந்த ஆசாரத்தில் வருஷக்கணக்காகப் படுத்துத் தூங்கியவர். "அதோட, மனசிலாச்சோ, உள்ளே ரெண்டு பேர் போனா வெளியிலே மூணு பேரா வருவா. தேசம் இருக்கற நிலையிலே இது தேவைதானோ? பொண்ணு ஊருக்குப் போகட்டும். கொஞ்ச நாள்தானே!"

உள்ளே அம்மி அரைக்கிற சத்தம் சட்டென்று நின்றது. அரைத்துக்கொண்டிருந்தவள் அபயாம்பாள்.

அன்று சாயங்காலம் புல்வெளியில் ஐயருக்கு அமோக வெற்றி. இரண்டு தடவை "கதம்" சொன்னார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெற்றிலை வாங்கக் கீழே போய்விட்டு, மென்றுகொண்டே மாடியேறி வந்தவர், காலரியில் தம்முடைய மெத்தை சுருட்டி வைத்திருப்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். நான் என் வாசலில் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன்.

"இது யார் வேலை?"

அபயாம்பாள் கூடத்தில் குழந்தைகளுக்கு ஜமக்காளம் விரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"நான்தான். ஜனத்தொகை ஜாஸ்தியாயிடுத்துன்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்றேள்? எனக்கு ஆறு போரும். ராஜியோட அப்பா புதன்கிழமை வரட்டும், ரெண்டு வேளை நன்னாச் சாப்பிடட்டும், தனியாத் திரும்பிப் போகட்டும்."

"மெதுவாப் பேசேன்டி! நாலு பேர் காதிலே விழறது."

"நீங்க என்னிக்கு மெதுவாப் பேசினேள்?"

ஐயர் விடுவிடென்று சமையலறைக் கதவண்டை போய்த் தட்டுவதற்குக் கையை ஓங்கினார். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புக் கேட்டது. அடக்கப் பார்த்தும் அடங்காத சிரிப்பு. அந்தப் பெண் சிரித்து நான் கேட்டது அன்றைக்குத்தான். ஐயரும் அன்றைக்குத்தான் கேட்டிருப்பார். ஓங்கிய கையைப் பின்கழுத்துக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொண்டு வெளியே வந்தார்.

காலரியில் வேறொரு சங்கடம் காத்திருந்தது. கிட்டு பாயைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போன சற்று நேரத்துக்கெல்லாம், அந்த இடத்தையும் சேர்த்துத் திருவேங்கடம் கைகாலைப் பரப்பிவிட்டார்.

"கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கோங்கோ, ஓய்."

"எங்கேங்காணும் தள்றது? ஏற்கெனவே நெருக்கடி. இங்கே இன்னொரு ஆளுக்கு ஏது ஜகா?" என்றார், பூமியில் குறைச்சலே இல்லை என்கிற திருவேங்கடம்.

"ஏன் இல்லை? தாராளமா இருக்கு! மனுஷனுக்கு எத்தனை இடம் வேணும்?"

திருவேங்கடம் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விடுவதுபோல் பாவனை செய்தார். பஞ்சு ஐயர் மேற்கொண்டு வாதாடவில்லை. குனிந்து, அவருடைய இரண்டு கால்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி மடக்கி வைத்துவிட்டு, கிடைத்த இடத்தில் மெத்தையை விரித்தார்.